நாளின் சராசரி

பிறையில் பிறை தெரியாத இரவுகள் உண்டு.
புகார் இல்லை இது.
மின்நிலையப் புகைபோக்கியின்
தொண்ணூறாவது மீட்டரில் குழாயை நுழைத்து
எண் எழுதுவது என் வேலை,
மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது.

மசோதா எழுதப்படுவதற்கு முன்
கோலாலம்பூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.
லிஃப்ட் பழுது.
கீழேயே நின்று தே தாரிக் குடித்தபடி
மேலே எப்படி இருக்கும் என்றார்கள்.
சூடாக இருக்கும் என்றேன்.
மேலாளர் பக்கத்தில் நின்றிருந்தார்.

முதல் வரைவில்
'எந்த ஒரு மணி நேரத்திலும்' என்றிருந்தது.
இரண்டாம் வாசிப்பில்
'நாளின் சராசரி' ஆயிற்று.
அந்த ஒரு சொல்லுக்குள்
விடியற்காலை இரண்டு மணி
காலை மடக்கிப் படுத்துக்கொண்டது.

இரண்டு மணிக்குத்தான்
கொதிகலனின் கரியை ஊதித் தள்ளுவார்கள்.
எட்டாம் மாடியில், மூங்கில் கழியில்
லோஷினியின் பள்ளிச் சட்டை
இரவெல்லாம் கைவிரித்து நிற்கும்.
பார்த்தால் வெள்ளை.
கழுத்துப்பட்டையைத் தடவினால்
விரலுக்குத் தெரியும்.
மறுபடி அலசிப் போடுவேன்,
ஈரத்தோடு போட்டுக்கொண்டு போவாள்,
முனகிக்கொண்டே.

நேற்று மசோதா நிறைவேறியது.
கேன்டீனில் ஜமீலா எல்லாருக்கும் கரிபாப் வாங்கினாள்.
நானும் தின்றேன்.
பழைய சட்டத்தைவிட நல்ல சட்டம்தான்,
பொய் சொல்லக்கூடாது.

இன்றிரவு புதிய படிவம்.
இருபத்து நான்கு மணிக்கும் சேர்த்து
ஒரே கட்டம்.

இரண்டு மணி எண்ணை
ஓரத்தில் எழுதுகிறேன்,
கட்டத்துக்கு வெளியே,
நேரத்தோடு.
கையெழுத்தும் போடுகிறேன்:
ப. குமுதவல்லி.