கையால் கூட்டியது

ததேயு விட்டுப்போன பென்டிரைவில்
நாற்பத்தோரு கோப்புகள்.
'கடைசி', 'கடைசி2', 'இதுதான் கடைசி',
அப்புறம் ஒன்று: 'இத எடுக்காத'.

குளச்சல் துறைமுகத்து நீர்மட்டத்தைக் கொடுத்தால்
குறும்பனையில் கள்ளக்கடல் எவ்வளவு ஏறும் என்று
சொல்லும் நிரல்.
கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.
ஓட்டிப் பார்த்தது யார் என்று கேட்டால்
ஆய்வகத்தில் மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.

முதல் வாரம் அசையவே இல்லை.
அவன் கணினியில் ஈ டிரைவ் இருந்திருக்கிறது,
என்னுடையதில் அதைத் தேடி முட்டிக்கொண்டு நின்றது.
அடுத்த வாரம், பழைய பதிப்புதான் வேண்டுமென்று அடம்.
பழையதை ஏற்றினால் புதியதெல்லாம் சரிந்தது.
நாகர்கோவிலில் மழை, கரண்ட் போய்ப் போய் வந்தது,
பதினோரு முறை நிறுவினேன்.

ஒரு வியாழக்கிழமை ஓடிவிட்டது.
சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை.
விடை: ஒன்று புள்ளி இரண்டு மீட்டர்.
கட்டுரையில்: ஒன்று புள்ளி ஐந்து ஏழு.

காற்றிருக்காது, மேகமிருக்காது,
வலை காயும் வெயிலில்
சத்தமில்லாமல் வாசலுக்கு வந்து நிற்குமே தண்ணீர்,
அப்படி நின்றது அந்த எண்.
பிழை என்று கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

முப்பத்தேழு சென்டிமீட்டர்.
இரண்டு படி உயரம்.
ஃபுளோரி அக்கா வீட்டுக்கு மொத்தமே இரண்டு படிதான்.

மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.
"எந்த நிரல்?"
"உங்க பேருல இருக்கதுதான்."
கொஞ்ச நேரம் ஏசி இரைச்சல்.
"ஆங், பிள்ளே... புயலுக்குப் பொறவு
அளவுகோல வேற தூணுல மாட்டுனானுவ கேட்டியா.
டேப் வச்சு அளந்தேன்.
எக்செல்லுல கையால கூட்டிப் போட்டேன்."
"எங்கயும் எழுதலியா?"
"எனக்குத் தெரியும்லா."

எழுதினேன். முதல் வரியிலேயே:
தூண், புயல், டேப், 0.37.
எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்தேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று காரைக்காலிலிருந்து ஒரு மாணவியின் கடிதம்.
மேடம், ஓடவில்லை.
'விஜிலா_புதுசு' என்ற கோப்புறை எங்கே கிடைக்கும்?
இன்னொன்று: அந்த 0.37, எந்தத் தூண்?
நீங்கள் அளந்தீர்களா?

முதல் கேள்விக்கு உடனே பதில் போட்டுவிட்டேன்,
காது சுட.

பஸ் திங்கள்சந்தை தாண்டிவிட்டது.
மடியில் டேப்.
கண்டக்டர் கேட்கிறார், தையல்காரியா என்று.