ஏழுக்குக் கீழே

ஆலங்காயம் தாண்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.
டேஷ்போர்டில் பதினொன்று என்றிருந்தது,
அடுத்த ஏற்றத்தில் ஒன்பது.
வேலூர்க்காரனுக்கு ஒற்றை இலக்கம் என்பது
கணக்குப் பரீட்சையில் மட்டும் பார்த்தது.

டயர் நான்கும் புதிது. அதாவது எனக்குப் புதிது.
பந்தயத்தில் கவிழ்ந்த காரிலிருந்து கழற்றியவை.
வாணியம்பாடி பைபாஸ் கடையில் இம்தாதுல்லா
கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் காட்டினார்:
"பாரு தம்பி, அல்வா."
நகம் பதிந்த பிறை
ரப்பரில் கொஞ்ச நேரம் இருந்து மறைந்தது.
விலை சொன்னார். நான் பேரம் பேசவில்லை.

கத்திரி வெயிலில், சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்,
தார் குழையும் இரண்டு மணிக்கு
அவை சாலையை நக்கிக்கொண்டு ஓடின.
பிரேக்கை மிதித்தால் ஊருக்கே கேட்கக் கத்தி
அந்த இடத்திலேயே நிற்கும்.
சூட்டுக்கென்றே பிசைந்த ரப்பர்.
நானும் அதே மாவுதான் என்பாள் சுகிர்தா,
சிரிக்காமல்.

அவள் மாற்றலாகி ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்
எட்டு மாதம்.
போனில் சண்டை என்றால் நான்தான் ஜெயிப்பேன்,
சூடு ஏற ஏற எனக்கு வார்த்தை பிடிக்கும்.
அவள் மெசேஜுக்கு மாறியதிலிருந்துதான் தடுமாற்றம்.
நேற்றிரவு ஒரே வரி:
"கோபமெல்லாம் இல்ல. வர்றதுன்னா வா."
பதிலை அடித்து அடித்து அழித்து
மூன்று மணிக்கு வண்டியை எடுத்தேன்.

காவலூரில், மரங்களுக்கு மேலே வெள்ளைக் குவிமாடம்.
உள்ளே யாரோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
வெகு தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
ஆறு டிகிரி.

அதற்கடுத்த வளைவில்
ஸ்டீயரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை.
அதற்குக்கூட நான் பயப்படவில்லை.
சத்தமே வரவில்லை, அதற்குத்தான்.
ஒரு கத்தலில்லை, புகையில்லை.
குளியலறைக் கல்லில் சோப்பு போவதுபோல
நான்கு டயரும் என்னை ஓரத்துக்குக் கூட்டிப் போயின.
விளக்கு வெளிச்சத்தில் ஒரு பலாமரம்
பெரிதாகி, இன்னும் பெரிதாகி,
மைல்கல்லில் பம்பர் உரசி நின்றது வண்டி.

இறங்கித் தொட்டேன்.
என் நகம் பதியவில்லை.
பேரணாம்பட்டு ஷாப்பில்
எண்ணெய் காட்டாமல் காயவிட்ட தோல் இருக்குமே,
தட்டினால் பலகைபோலச் சத்தம் வருமே,
அது.
இம்தாதுல்லா பொய் சொல்லவில்லை.
அவர் கடையில் அன்றைக்கு நாற்பத்தொன்று.

பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று வந்தது,
வழுக்கை டயர், ஓட்டியவர் காதைச் சுற்றித் துண்டு.
"இன்னா, உட்டுட்டியா?"
இல்லை என்றேன்.
"அப்ப சரி" என்று போய்விட்டார்.

ஹீட்டரைப் போட்டு உள்ளே உட்கார்ந்து
வழியெல்லாம் தயார் செய்த பேச்சை
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
"நீ மட்டும் அன்னிக்கு..." என்று ஆரம்பிக்கும் அது.
கண்ணாடியில் ஆவி படர்ந்தது.
ஒரு வாக்கியமும் எதன்மேலும் பிடிக்காமல்
வழுக்கி வழுக்கிப் போனது.

பிறகு இரண்டாவது கியர்.
மிதிக்காமல், திருகாமல்,
வளைவு வருமுன்பே வேகத்தை விட்டு,
சாமை அறுத்த கொல்லைகளின் ஓரமாக
பன்னிரண்டு கிலோமீட்டரை
நடக்கிறவன் பார்க்கிறாற்போலப் பார்த்துக்கொண்டு போனேன்.
பின்னால் வந்த மினிபஸ் ஹாரன் அடித்தது.
கை காட்டி வழிவிட்டேன். முதல்முறை.

குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றிருந்தாள்,
நைட் டூட்டி முடிந்த கண், யூனிபாரம்மேல் சால்வை.
பம்பரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"என்ன ஆச்சு?"

என்னிடம் இதற்கு ஏழெட்டுப் பதில் உண்டு.
அவள் உள்ளே போய்க் கொண்டுவந்த டம்ளரை
இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு
விரல் மடங்குகிறவரைக்கும் நின்றேன்.

"மெதுவா வந்தேன்" என்றேன்.