சோப்பை மாத்து

பீலியில் குனிந்து துணி அலசும்போதுதான் கண்டேன்.
தவமலரின் கழுத்தைச் சுற்றி
கரிக்கோடு மாதிரி ஒரு கறுப்பு.
"இந்தப் புது சோப்பு ஒத்துக்கல்ல மைனி" என்றாள்.
"சோப்பை மாத்து" என்றேன்.
அவ்வளவுதான் சொன்னது.
வாளி நிரம்பி வழிந்தது,
இன்னொரு வாளி வைத்தேன்.

குவைத்தில் இரண்டு வருஷம்
யார் யார் வீட்டுக் குளியலறையையோ தேய்த்து
அவள் வாங்கிய இரண்டு பவுண்
நோர்வூட்டில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது.
கழுத்தில் கிடப்பது
ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
கொக்கி அறுந்ததென்று கழற்றிக்கொண்டு போனவன்
என் தம்பி.
அதே நீளம், அதே முறுக்கு,
கொக்கி மட்டும் புதுசு.

அடகுத் துண்டு என்னிடம்.
"வீட்டுல வச்சா கண்டுபிடிச்சிருவா அக்கா."
மாவு டின்னுக்கு அடியில்
என் புருஷனுக்கும் தெரியாமல்
நாலாக மடித்து.

லீசிங்காரன் த்ரீவீலைத் தூக்க வந்த கிழமை அது.
மூன்று மாதத் தவணை, அதற்கு மேல் வட்டி,
சவாரியே இல்லாத மழை.
முதலில் என்னிடம்தான் கேட்டான்.
சீட்டுக் காசு அப்போது கையில் இருந்தது.
இல்லை என்றேன்.
இதை ஏன் இங்கே சொல்கிறேன், தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று நினைத்த இரவெல்லாம்
சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சிரித்தார்கள்.
லயத்துச் சுவர் கூரையைத் தொடுவதில்லை.
சிரிப்பு ஏறி வந்து
எங்கள் பக்கம் இறங்கும்.
சொன்னால் முதலில் நிற்பது இதுதானே என்று
திரும்பிப் படுத்தேன்.
புருஷன் பொண்டாட்டிக்கு நடுவே
நாத்தனாருக்கு என்ன வேலை என்பதும்
கைக்கு வசதியாய்க் கிடந்தது.

போன வெள்ளி, கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில்:
"பெரியவனுக்கு போர்டிங் காசு கட்டணும்.
செவ்வாய்க்கிழமை ஹட்டன் பேங்க்ல
இதை வைக்கப் போறேன்.
அவருக்குச் சொல்லிராதீங்க மைனி.
பாவம், மனசு ஒடைஞ்சிருவாரு."

தம்பிக்குப் போன் எடுத்தேன்.
"கல்லுல ஒரு உரசு, மேல ஒரு சொட்டு.
கியூல நிக்கிற அத்தன பேருக்கு முன்னால
கல்லு சொல்லிரும்.
அதுக்கு முன்ன நீ சொல்லு."
"சொல்றேன்" என்றான்.
சனி. ஞாயிறு.
திங்கள் இரவும்
சிரிப்பு ஏறி வந்தது.

ஒரு நாள் பேரை விட்டுவிட்டு
நானும் பஸ் ஏறினேன்.
"ஒங்களுக்கு என்ன ஹட்டன்ல?"
"பல்லு" என்றேன்.

நோர்வூட்டில் அந்தக் கடை
பாதிக் கதவு திறந்திருந்தது.
அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை,
பார்க்க ஒரு காரணமும் இல்லை அவளுக்கு.
டிக்கோயா தாண்டி, பனிக்குள்
ஹோர்ன் அடித்து அடித்து பஸ் ஊர்ந்தபோது
சட்டைக்குள்ளிருந்து துண்டை எடுத்து
அவள் மடியில் வைத்தேன்.

மாவு ஒட்டியிருந்தது. ஊதினாள்.
பெயர், நிறை, திகதி
ஒவ்வொன்றாய்ப் படித்தாள்.
கழுத்துக்குப் போன கை
தொடாமல் திரும்பியது.
அழுவாள் என்று லேஞ்சி எடுத்து வைத்திருந்தேன்.
தம்பியைத் திட்டுவாள்,
அதற்கும் பதில் வைத்திருந்தேன்.

கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்:
"சோப்பை மாத்துன்னு சொன்னீங்களே மைனி,
இது தெரியிறதுக்கு முன்னாடியா
பின்னாடியா?"

ஹட்டன், ஹட்டன் என்று
கொண்டக்டர் தகரத்தைத் தட்டினான்.
அவள் இறங்கினாள்.
பேங்க் பக்கம் போகவில்லை,
நோர்வூட் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள்.

சனங்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.
நான் இன்னும் எழும்பவில்லை.