ஏழரை

வூட்ஜ் நகரம். ஜனவரி. முதல் பீரியட்.
கொதிகலன் பழுது.
கோட்டும் கம்பளித் தொப்பியுமாக
முப்பத்திரண்டு பேர் ஆவி விடுகிறார்கள்.
நான் திரையை இறக்குகிறேன்.

மூன்று வாரமாய் இதுதான் எங்கள் வேட்டை:
தோட்டா பட்டவன் ஜன்னலை உடைத்துப் பறந்தால்
சுட்டவன் மட்டும் ஏன் நின்ற இடத்தில் நிற்கிறான்
என்று கேட்பது;
காற்றே இல்லாத வெளியில் கப்பல் வெடிக்கையில்
காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பது.
ஒரு பொய்யைப் பிடித்தால் ஒரு மதிப்பெண்.
உந்தம் அழியாது என்பதை
கேலியில் குழைத்துத்தான் ஊட்டினேன்.
வேறெப்படிக் கொடுத்தாலும் துப்பிவிடுகிற வயது.

இன்று கறுப்பு வெள்ளை.
எங்கள் ஊர் ஸ்டுடியோவில் எடுத்த துப்பறியும் படம்.
கதை எங்களுக்கு வேண்டாம்.
கூரை விளிம்பில் ஒரு திருடன்.
முதலில் தொப்பி விழுகிறது.
பிறகு அவன்.

"நொடிக்கு இருபத்துநான்கு பிரேம். எண்ணுங்கள்."

ப்ஷெமெக் பொத்தானைத் தட்டத் தட்ட
காற்றில் மாடிப்படி இருப்பதுபோல
ஒவ்வொன்றாய் இறங்கினான் திருடன்.
நாற்பத்தொன்றில்
மணல் வண்டி.

உயரம்?

கொர்னேலியா கையைத் தூக்கவில்லை,
கயிற்றைத் தூக்கினாள்.
படத்தின் பெயரைப் போன வாரமே உளறியது நான்தான்.
அந்த வீடு கிலின்ஸ்கி தெருவில் இன்னும் நிற்கிறதாம்.
மேல்மாடிக்காரரிடம் மன்றாடி,
முனையில் ஸ்பானர் கட்டி,
பனி வழுக்கும் கூரையிலிருந்து இறக்கியிருக்கிறாள்.
(இதை அவள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை,
நானும் யாருக்கும் சொல்லப்போவதில்லை.)
சிவப்பு நூல் முடிச்சில்
பதினோரு மீட்டர்.

இரு மடங்கு உயரம்;
நேரத்தை நேரத்தால் பெருக்கி
அதனால் வகு.
ஒன்பது புள்ளி எட்டு வரவேண்டிய இடத்தில்
ஏழரை வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுபடி வகுத்தோம். ஏழரை.
கால்குலேட்டரை மாற்றினோம். ஏழரை.
செவ்வாயில் இல்லை, வெள்ளியில் இல்லை.
சனியில் போய்ப் பார்த்தாலும்
பத்துக்கு மேல்.

முப்பத்தாறு பிரேமில் முடியவேண்டிய விழுதல்.
மிச்சம் ஐந்து எங்கிருந்து?

பின்னால் ஓட்டு. நிறுத்து. மெல்ல.
பதினாறில் மடங்கிய முழங்கால்
இருபத்தொன்றில் மறுபடி மடங்குகிறது.
நடுவே ஒரு வெட்டு:
கேமரா கூரையை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டது.
விழுந்த உயரத்தில் கொஞ்சத்தை
அவன் இரண்டு முறை விழுந்திருக்கிறான்.

பெயர்ப் பட்டியலை உருட்டினோம்.
படத்தொகுப்பு: யத்விகா ஸ்தெம்பின்.
யாரோ எண்ணைத் தேடிப் பிடித்தார்கள்.
மேசை நடுவில் போன்.
முப்பத்திரண்டு ஆவிகளும் நின்றன.

"ஐந்தா?
நான் நாலு என்றல்லவா நினைத்திருந்தேன்!"

இருமல். பாத்திரச் சத்தம்.

"ஒரே ஓட்டமாக விட்டால்
கண் சிமிட்டுவதற்குள் மணலில் கிடக்கிறான்.
விழுந்ததை யாருமே பார்க்கவில்லை.
அதற்காகவா கூரை ஏறினான், பாவம்?
இருங்கள்... பால் பொங்குகிறது."

அவ்வளவுதான். திரும்ப அழைத்தோம், எடுக்கவில்லை.

பொய்யைப் பிடித்ததற்கு மதிப்பெண் உண்டா
என்று ப்ஷெமெக் கேட்டான்.
பொய் எது என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.
மணி அடித்தது, நல்லவேளை.

மாலையில் நோட்டுகளைத் திருத்தினேன்.
பிழைக்கான காரணங்கள் என்ற தலைப்பின் கீழ்
போகுஷ் எழுதியிருந்தது:

ஒன்று, ஈரத்தில் கயிறு நீண்டிருக்கலாம்.
இரண்டு, ஸ்பானரின் நீளம் விட்டுப்போயிருக்கலாம்.
மூன்று, விழுகிறவனை நாம் பார்க்கவேண்டும் என்று
ஒருவர் விரும்பியிருக்கிறார்.

சிவப்புப் பேனாவை வெகுநேரம் மூடியே வைத்திருந்தேன்.
பிறகு இரண்டாவதை மட்டும் அடித்தேன்.
கொர்னேலியா
ஸ்பானரையும் சேர்த்தே அளந்திருந்தாள்.