அனுமதிக்கப்பட்ட பிழை

முதல் வேலை: ஒரு சதுரம்.
ஐம்பதுக்கு ஐம்பது மில்லிமீட்டர், இரும்புத் தகடு.
செட்டிக்கரை கல்லூரிப் பட்டறையில் எனக்கு வாய்த்தது
தாடை தேய்ந்த ஒன்பதாம் நம்பர் வைஸ்.
அரம் போடு. மூலைமட்டத்தை வை. தூக்கிப் பார்.
ஓரமாய் வெளிச்சம் கசிந்தால் மறுபடி அரம்.
நான்கு நாள் வெளிச்சத்தோடு சண்டை.
ஒரு பக்கம் நேரானால் எதிர்ப்பக்கம் கோணிக்கொள்ளும்.
கடைசியில் நாற்பத்தொன்பது புள்ளி இரண்டில் நின்றது.
அரை மில்லி வரை மன்னிப்பு உண்டாம்.
நான் அதைத் தாண்டியிருந்தேன்.

மாரண்டஹள்ளி பஸ்ஸில்
உள்ளங்கை இரும்புத்தூளை முகர்ந்து பார்த்தேன்.
ஜன்னல் கம்பி, கண்டக்டர் விசில், சீட்டின் போல்ட்,
எல்லாவற்றையும் யாரோ அளந்திருக்கிறார்கள் என்று
அன்றைக்குத்தான் தோன்றியது.
சீட்டு ஆடியது.
அளந்தவருக்கும் ஏதோ பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் போல.

இரண்டாவது: தக்காளி.
வேறு கல்லூரிகளில் முட்டையாம். எங்களுக்குப்
பாலக்கோட்டுத் தக்காளி, மூன்றாம் மாடி, கீழே சிமெண்ட்.
நசுங்காமல் இறக்க ஒரு பெட்டி, இருபது ரூபாய்க்குள்.
நவ்ஷாத் கட்டிய பாராசூட் வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது.
பிரமிளாவும் நானும் வைக்கோலும் ரப்பர்பேண்டும்.
தக்காளி பிழைத்தது. கைதட்டல்.
"கிலோ நாலு ரூபா தக்காளிக்கு
இருபது ரூபா பெட்டியா?" என்றான் திம்மராஜ்.
வகுப்பே சிரித்தது. நானும்,
வழக்கம்போல் வாய்க்குக் குறுக்கே கையை வைத்து.
எங்கள் ஊர்த் தண்ணீர் என் பல்லில் போட்ட பழுப்புக் கோடுகளைக்
கல்லூரிக்கு இன்னும் காட்டவில்லை.

அந்த வாரம்தான் அப்பா பதினோரு கூடையை
மண்டியிலிருந்து திருப்பி ஏற்ற மனமில்லாமல்
ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்திருந்தார்.
பதிவேட்டில் 'பயன்பாடு' என்ற இடத்தில்
பழம் விழுந்தால் தாங்கும், விலை விழுந்தால் தாங்காது
என்று எழுதி, அடித்துவிட்டு,
"தோட்டக்கலைப் பொருள் போக்குவரத்து" என்று எழுதினேன்.
பத்துக்கு ஒன்பது.

மூன்றாவது: பாலம்.
ஐஸ்குச்சி நூற்றிருபது, பசை ஒரு டப்பா, நாங்கள் நால்வர்.
முக்கோணம் கோணாது, சதுரம் கோணும்.
என் தகடு முன்னமே சொன்ன சேதி.
வாளியைத் தொங்கவிட்டு மணல் கொட்டினோம்.
ஐந்து கிலோ. ஒன்பது. பதினொன்று.
பதிமூணு! பதிமூணரை!
டப்.
செருப்பெல்லாம் மணல்.
"முதலில் எங்கே விட்டது?" என்றார் மேடம்.
எல்லோரும் எடையைப் பார்த்தோம்.
பாலத்தை யாரும் பார்க்கவில்லை.

நவ்ஷாத்தின் போன் பார்த்திருந்தது.
மெதுவாக ஓட்டினோம், இன்னும் மெதுவாக.
இடப்பக்கம், மூன்றாவது இணைப்பு.
ஒரு குச்சி லேசாக வாய் திறக்கிறது,
எதையோ சொல்ல வருகிற மாதிரி.
பிறகுதான் மற்றதெல்லாம்.

அது நான் ஒட்டியது.
ஐந்தே முக்கால் பஸ்ஸுக்காகக்
காயும்வரை பிடிக்காமல் விட்டது.
மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
என் பக்கம் திரும்பாமல்.
திட்டியிருக்கலாம்.

'முடிவு' பகுதியில் திம்மராஜ் எழுதிவிட்டான்:
"இணைப்பில் குறை காணப்பட்டது."
காணப்பட்டது. பொருத்தப்பட்டது. ஒட்டப்பட்டது.
பதிவேட்டுத் தமிழில் யாருமே எதையும் செய்வதில்லை.
அவன் பேனாவை வாங்கிக் கீழே எழுதினேன்:
"மூன்றாவது இணைப்பை ஒட்டியவள் நான்.
நாற்பது நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பிடித்தது ஆறு."

வியாழக்கிழமை அதை நான்தான் வாசித்தேன்.
இரண்டு கையும் பதிவேட்டைப் பிடித்திருந்தன.
முன்வரிசை என் பல்லைப் பார்த்திருக்கும்.
பார்க்கட்டும்.

அடுத்த பாலத்துக்குத்
துணி மாட்டும் கிளிப் ஆறு டஜன் கொண்டுவருகிறாள் பிரமிளா.
ஏழு மணி பஸ்ஸில் வருவேன் என்று
அம்மாவிடம் சொல்லியாயிற்று.