கேள்வி எண் பதினேழு

‘அமிழ்வு இதழியல் பற்றி உங்களுக்குத் தெரியுமா?’
தெரியும். ஓரளவு தெரியும். தெரியாது.
மூன்று கட்டங்கள், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.
ஆய்வு செய்பவர் பக்கத்து அறை டெர்சேர்.
பதவி உயர்வுக்கு அவருக்கு
இன்னும் ஒரு கட்டுரை குறைகிறது.
மக்குர்டியில் எங்கள் துறையின் பதினான்கு பேரும்
முதல் கட்டத்திலேயே போட்டுவிட்டோம்.
தெரியாதென்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க
எந்த வாத்தியாருக்குக் கை வரும்?

செய்தி என்பது சட்டகம் என்று
பத்தொன்பது வருடமாகச் சொல்லி வருகிறவள் நான்.
இரு கை விரல்களையும் சதுரமாகக் கோத்துக் காட்டி,
இதற்குள் வருவதற்கும் நீ பொறுப்பு,
வராமல் போவதற்கும் நீ பொறுப்பு என்று.
சாக்பீஸ் தூளோடு அந்தச் சதுரத்தை
ஊரெல்லாம் கொண்டுபோயிருக்கிறார்கள் என் பிள்ளைகள்.

அபுஜாவிலிருந்து இரண்டு நாள் இரவலாக
ஒரு கண்ணாடி வந்தது.
கண்ணாடி என்று பேர்தான்,
குதிரை முகத்தில் கட்டும் கொள்ளுப்பை மாதிரி இருந்தது.
ஆளுக்கு நான்கு நிமிடம்.
துறைத்தலைவர் முதலில். காற்றைத் தடவி
‘ஆடு’ என்றார்.
பின்வாங்கி மேசையில் இடித்துக்கொண்டு
மேசையிடம் மன்னிப்புக் கேட்டார்.
இங்குனான் மாட்டிக்கொண்டபோது
பிளாஸ்டிக்குக்குக் கீழிருந்து நீர் இறங்கித்
தாடையில் வந்து நின்றது.
கண்ணைக் காணாமல்
அழுகையை மட்டும் பார்த்தது அன்றுதான்.

பிறகு நான்.
பெனுவே ஆறு ஏறி வந்த வீடு.
முழங்காலளவு பழுப்புத் தண்ணீர்.
குனிந்து பார்த்தேன், எனக்கு முழங்காலே இல்லை.
விதைக்கிழங்கெல்லாம் போனதை
ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.
அவள் சொல்லும்போதே திரும்பிவிட்டேன்.
திரும்பலாம் என்பதுதானே இதன் விசேஷம்?
பின்சுவர். கட்டில் மேல் கட்டில்.
அதன் உச்சியில் ஒரு கோழி.
தண்ணீரில் மூன்று கால்களின் நிழல்,
நிழலுக்கு ஆள் இல்லை.

படம் பிடித்தவர் எங்கே?
சுவருக்கு அந்தப் பக்கம் குந்தியிருப்பார்.
ஒளியாவிட்டால் அவரும் செய்தியில் வந்துவிடுவார்.
அப்படியென்றால் இவள் இத்தனையும் சொன்னது
ஒரு முக்காலியிடம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
வெளியே பதின்மூன்று பேர் ‘ஓ’ என்றார்கள்.
மின்விசிறி ஓய்ந்தது. வெள்ளம் ஓயவில்லை.
வியர்வை வழிய வழியத் தண்ணீரில் நின்றேன்.
எல்லாப் பக்கமும் தெரிந்தது.
தெரியும் என்றால்
கண்ணுக்கா, எனக்கா என்று
அந்தக் கட்டம் கேட்கவில்லை.

கண்ணாடி திரும்பிப் போயிற்று.
பாடத்திட்டத்தில் அலகு மட்டும் தங்கிவிட்டது.
அறுபத்து மூன்று மாணவர்கள், கருவி பூஜ்யம்.
வுருகும் சந்தைக்குக் கூட்டிப்போனேன்.
சேசுக், நீதான் கேமரா.
கிழங்குக் கடைகளின் நடுவே நான்கு நிமிடம் நில்.
பேசாதே. நகராதே. சுற்றிச் சுற்றிப் பார்.
மற்றவர்கள் ஒளிந்துகொள்ளுங்கள்.
அறுபத்திரண்டு பேர் ஒளியச் சந்தையில் இடம் ஏது?
மூட்டைகளுக்குப் பின்னால், மாவு மில்லில்,
ஒருவன் குடைக்கடியில் தலையை மட்டும்.
நான் ஒரு லாரியின் மறைவில்.

இரண்டாம் நிமிடத்திலேயே
கடைக்காரி எழுந்து வந்தாள்.
‘வாங்கறியா? விக்கறியா?
வர்ற ஆளுக்குக் கடை தெரியாம நிக்கறியே,
யாரு பெத்த பிள்ளை நீ?’
அவன் லாரிப் பக்கம் பார்த்தான்.
உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் முக்காலியாகவே நின்றான்.
பிறகு, மார்க் போனால் போகட்டும் என்று நினைத்தானோ என்னவோ,
சாக்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து
பேரைச் சொன்னான்.
அம்மா பேரைச் சொன்னான்.
அழுகலைத் தனியே பிரிக்க ஆரம்பித்தான்.
கைக்கடிகாரத்தில் நான்கு நிமிடம் முடிந்து
வெகு நேரமாகியிருந்தது.

டெர்சேரிடம் என் தாளைத் திருப்பிக் கேட்டேன்.
கணக்கு முடித்தாயிற்று என்றார்.
விழிப்புணர்வு நூற்றுக்கு நூறு,
முகமெல்லாம் பல்.

சேசுக்குக்கு இன்னும் மதிப்பெண் போடவில்லை.
விடைத்தாள்களின் மேல்
மண் ஒட்டிய பெரிய கிழங்கு ஒன்று கிடக்கிறது.
அவள் கொடுத்தனுப்பினாளாம்,
லாரிக்குப் பின்னால் வெயிலில் நின்ற
அந்த அம்மாவுக்கு என்று.