அரைச் சுற்று

மேற்குக் காற்றுக்குக் கோடை என்று பேர் வைத்தவர்கள்
புந்தா அரேனாஸ் வந்ததில்லை.
இங்கும் அது கோடையில்தான் வருகிறது, டிசம்பரில்,
காது மடலை அறுத்துக்கொண்டு.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்க.

யாஸ்னா கூரை ஏறுபவள்.
துத்தநாகத் தகடும் திருகாணியும் அவள் பிழைப்பு.
எந்த வீட்டில் எந்தத் தகடு எழும்பப் பார்க்கிறதென்று
ட்ரோன் எடுத்த படங்களைக் கோத்துப் பார்க்க
ஒரு கணினி வேண்டியிருந்தது.
சுங்கமில்லாச் சந்தையில் பாகம் பாகமாக வாங்கி
சாப்பாட்டு மேசையில் கூட்டினாள்.
முதல் அழுத்தலிலேயே விசிறி சுற்றியது.
தனியாகக் கைதட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நீலத்திரை.

பிறகு அதற்குத் தோன்றியபோதெல்லாம் விழுந்தது.
நாற்பது கூரை கோத்தபின் ஒருமுறை.
சும்மா இருந்தபோது ஒருமுறை.
சேமித்துவைத்த படமொன்றில்
இவெலிச் வீட்டுப் புகைபோக்கிக்குக் குறுக்கே
பச்சைக் கோடு, யாரும் வரையாதது.

இரவில் நினைவகச் சோதனையை ஓடவிட்டாள்.
ஒன்பதாம் நிமிடம் ஒரு சிவப்பு வரி:
எழுதிவைத்தது ஒன்று, எடுத்துப் படித்தது வேறு.
கோடானுகோடிக் கட்டங்களில்
ஒரேயொரு பூஜ்யம் ஒன்றாகியிருந்தது.
பெரிய பொய்யென்றால் பிடித்துவிடலாம்.
இது சோற்றில் கல்.

பெட்டியில் அச்சடித்த வேகத்தைக் குறைத்தாள்.
சிவப்பு வரிகள் குறைந்தன, தீரவில்லை.
மின்னழுத்தத்தை ஒரு நூலிழை ஏற்றினாள்.
கீழ்வீட்டு ரோசாமெல்
நண்டு ஆலையில் இரவு வேலை முடிந்து வந்து
வாசற்படியில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னான்:
"குச்சி கெட்டது. இரண்டையும் தூக்கிப் போடு."

தூக்கிப் போடவில்லை. தனித்தனியே நிறுத்தி விசாரித்தாள்.
இடப்பக்கப் பள்ளத்தில் முதல் குச்சி: சுத்தம்.
அதே பள்ளத்தில் இரண்டாவது: சுத்தம்.
வலப்பக்கத்தில் முதலாவது: சிவப்பு.
வலப்பக்கத்தில் இரண்டாவது: சிவப்பு.
ஆக, குடியிருப்பவர் மேல் குற்றமில்லை,
வீட்டில்தான்.

கடைக்கார பால்தொவீனோ தொலைபேசியில் கொட்டாவி விட்டான்.
தாய்ப்பலகையைக் கழற்றிக் கொண்டு வா,
சாந்தியாகோவுக்கு அனுப்பவேண்டும்,
கப்பலில் மூன்று வாரம்,
திரும்பி வருவதற்கு நான் பொறுப்பில்லை.

கழற்ற உட்கார்ந்தாள்.
செயலியின் மேல் கவிழ்ந்த குளிர்விப்பானுக்கு
நான்கு திருகுகள்.
முதல் மூன்றும் முனகின.
நான்காவது கீச்சென்றது.
அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்,
தினமும் பத்து வீட்டு உச்சியில் அவளே எழுப்புவது:
நின்ற இடத்திலிருந்து இன்னும் ஒரு சுற்று,
காற்றுக்காக.

சமையலறையில் காற்றில்லை.

கையைப் பார்த்தாள். காய்த்த கை.
செயலியை ஒரு மூலையில் நசுக்கியிருக்கிறது.
அடியிலுள்ள ஆயிரத்துச் சொச்சம் ஊசிகளில்
ஏதோ சில
தொட்டும் தொடாமலும் நின்றிருக்கின்றன,
கேட்டதைப் பாதி கேட்டு,
மீதியைத் தாமே சொல்லிக்கொண்டு.

பசையைத் துடைத்தாள், புதிது வைத்தாள்.
குறுக்கும் மறுக்குமாக, விரல்நுனியால் மட்டும்,
நிற்கும்வரை.
பிறகு அரைச் சுற்று.
கை இன்னொன்றுக்கு ஏங்கியது,
திருப்புளியைத் தூர வைத்தாள்.

வேகத்தைப் பெட்டியில் சொன்னதற்கே ஏற்றி
சோதனையை ஓடவிட்டுப் படுத்தாள். தூங்கவில்லை.
ஒன்பதாம் நிமிடம் எழுந்து பார்த்தாள்.
பத்தொன்பதாம் நிமிடமும்.
ஐந்து மணிக்கே வெளுத்துவிட்ட வானத்தில்
ஜன்னல் தடதடக்க,
நான்கு முழுச் சுற்று முடிந்து
பிழை: பூஜ்யம்.
பூஜ்யமாகவே இருந்த பூஜ்யம்.

பச்சைக் கோடு விழுந்த படம் மட்டும் அப்படியே இருக்கிறது.
அது கெட்ட நினைவில் எழுதியது, திருத்த வழியில்லை.

திங்களன்று இவெலிச் வீட்டுக் கூரை.
இடுப்புக் கயிறு விண்ணென்று நிற்க
புகைபோக்கி ஓரத் தகட்டில்
திருகாணி நின்ற இடத்திலிருந்து
இன்னும் ஒரு சுற்று முடுக்கினாள்.
இங்கே அதுதான் கணக்கு.

பையில் தொலைபேசி அதிர்ந்தது. பால்தொவீனோ.
பலகை எப்போது வரும் என்றான்.

காற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்றாள்.